கண்மாய் தூர்ந்தால் கதையும் தூர்ந்துபோகும்

பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானியின் 'வெயிலில் மனிதர்கள்' (1963) குறுநாவல் தொடங்கும்போது அபூ கைஸ் ஈரமண்ணில் நெஞ்சு பதியப் படுத்திருக்கிறார். மண்ணின் துடிப்பு அவருக்குக் கேட்கிறது. 1948-இல் ஊரை இழந்தவர் அவர். பிழைப்புக்காக இன்னும் இருவரோடு குவைத்துக்குத் திருட்டுத்தனமாகப் போகையில், காலித் தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் மூவரும் வெந்து சாகிறார்கள். பாலஸ்தீனக் கதைகளில் மண்ணைப் பறிகொடுத்தவனுக்கு வெயிலில்கூடப் பத்திரமான இடமில்லை.

எட்டயபுரம் வட்டாரத்துக்காரர்களுக்கு இந்தத் தவிப்பு புதிதல்ல. இடைசெவல் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976), மானத்துக்கு அஞ்சி ஆந்திர தேசத்திலிருந்து தெற்கே ஓடிவந்தவர்கள் காட்டைத் தீவைத்து எரித்துக் கரிசலை விளைநிலமாக்கிய கதை. அவர்களுக்குப் போக்கிடம் கிடைத்தது. அபூ கைஸுக்குக் கிடைக்கவில்லை.

மண் பாசமெல்லாம் பட்டா வைத்திருப்பவர்கள் பேசுவது என்பாரும் உண்டு. நிலமில்லாத சக்கிலியர் வாழ்வைச் சொன்ன பூமணியின் 'பிறகு' (1979) படித்தவர்கள் அதை எளிதில் மறுக்க மாட்டார்கள்.

ஆனால் இன்று நம்மை உறுத்த வேண்டிய நாவல் சோ. தர்மனின் 'சூல்'. 2019-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. எட்டயபுரம் ஜமீன் காலத்து உருளைக்குடியின் கண்மாய்தான் அதில் கதாநாயகன். கோடையில் ஊரே திரண்டு தூர்வாரும். அள்ளிய கரம்பை மாட்டு வண்டிகளில் புஞ்சைக்குப் போய் உரமாகும். தண்ணீரைப் பங்கிட நீர்ப்பாய்ச்சி இருந்தார். மரமும் பறவையும் மீனும் சாமியும் அந்தக் கரையை நம்பியே இருந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு கண்மாய் ஊரின் பொறுப்பிலிருந்து நழுவுகிறது, கேட்பாரற்றுத் தூர்ந்துபோகிறது. எந்தப் படையும் வந்து பிடுங்கவில்லை.

இதைத்தான் நாம் போதுமான அளவு பேசவில்லை. மானாவாரிக் கரிசலுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆதாரம். அந்தத் தண்ணீரைத் தேக்கிவைக்கக் கண்மாயை விட்டால் வேறு கதியில்லை. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. கணக்கில் இருப்பவற்றில் எத்தனையோ நேரில் போனால் சீமைக்கருவேலங்காடாகத்தான் கிடக்கின்றன. வரத்துக்கால் அடைபட்டால் பெய்த மழையும் வந்த வழியே போய்விடும். பிறகு கம்பும் குதிரைவாலியும் விதைக்க ஆளிருக்காது. கோவில்பட்டிக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறிய பிள்ளைகள் பொங்கலுக்கு மட்டும் வருவார்கள். அந்தத் தலைமுறையிலிருந்து இன்னொரு கி.ரா. எப்படி வருவார்?

பாலஸ்தீனத்து எழுத்தாளருக்குக் குற்றம்சாட்ட ஓர் எதிரி இருக்கிறான். நாம் கைகாட்ட வேண்டியது நம்மையேதான். அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை கூடும். போகிறவர்கள் சாலை, விளக்கு கேட்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நம்ம ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் ஓடை திறந்திருக்கிறதா?