எஞ்சின் இயங்க மறுத்தால்: குறை காணும் முறை

தொலைவிடங்களில் பணிபுரியும் ஊழியருக்கு மோட்டார் வண்டியே கால். காலையில் அஃது இயங்க மறுத்தால் மருந்தும் விதையும் உரிய நாளில் ஊர் போய்ச் சேரா. அவ்வேளையில் பலரும் செய்வது, சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பிப் பார்ப்பதேயாகும். இதனால் குறை புலப்படுவதில்லை. பாட்டரியில் எஞ்சியுள்ள மின்சாரமே வீணாகிறது. மாறாக, இரண்டு கேள்விகளை வரிசையாக எழுப்பினால், பெரும்பாலான குறைகளின் இருப்பிடம் தெரிந்துவிடும்.

முதற் கேள்வி: எஞ்சின் சுழல்கிறதா? சுழலவில்லையெனில் மின்சாரப் பகுதியை ஆராய்தல் வேண்டும். முகப்பு விளக்குகள் எரிவதைக் கொண்டு பாட்டரி நன்றாயிருக்கிறது என முடிவு செய்தல் தவறு. 12 வோல்ட் வண்டியில் இரு விளக்குகளுக்கும் சுமார் 10 ஆம்பியர் போதும். டீசல் எஞ்சினின் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ 200 ஆம்பியரும் அதற்கு மேலும் தேவைப்படும். பாட்டரி முனையில் படிந்த பூச்சு 0.01 ஓம் தடையை உண்டாக்குவதாகக் கொள்வோம். ஓம் விதிப்படி, விளக்குகள் எரிகையில் ஏற்படும் இழப்பு 0.1 வோல்ட், ஸ்டார்ட்டர் இயங்குகையில் 2 வோல்ட். முன்னதைக் கண் அறியாது. பின்னது மோட்டாரைச் சோர்வடையச் செய்துவிடும்.

ஆதலின், விளக்குகளை எரியவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்த்தல் நலம். ஒளி வெகுவாக மங்கினால், பெரும்பாலும் பாட்டரி வலுவிழந்திருக்கும். அல்லது அதன் முனைகள் அழுக்கேறியோ தளர்ந்தோ இருக்கும். ஒளி சற்றும் மங்காமல் மோட்டாரும் அசையாதிருப்பின், மின்சாரம் மோட்டாரை எட்டவில்லை. ஸ்விட்சையும் கம்பி இணைப்புகளையும் சோதித்தல் வேண்டும். சில புதிய வண்டிகளில் அவ்வேளை விளக்குகள் தாமாகவே அணையும். அங்கு வோல்ட்மீட்டரே துணை.

இரண்டாம் கேள்வி: எஞ்சின் சுழன்றும் பற்றிக்கொள்ளாதது ஏன்? டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டரில் காற்று நெருக்கப்படுவதால் எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. எனவே புகைக்குழாயைக் கவனித்தல் வேண்டும். வெண்புகை வந்தால் டீசல் உள்ளே செல்கிறது, ஆனால் போதிய வெப்பம் இல்லை என்பது பொருள். முன்சூடேற்றும் பிளக்கின் பழுதோ, சுழற்சியின் மந்தமோ, சிலிண்டரில் அழுத்தக் கசிவோ காரணமாகலாம். புகையே இல்லையெனில், தொட்டி வறண்டிருக்கலாம், வடிகட்டி அடைபட்டிருக்கலாம், அல்லது குழாயில் காற்றுக் குமிழிகள் புகுந்திருக்கலாம். பழைய டிராக்டர்களில் கைப்பம்பினால் அக்காற்றை வெளியேற்றிவிடலாம். இக்காலக் காமன் ரெயில் எஞ்சின்களின் உயரழுத்தக் குழாய்களை மட்டும் அவிழ்த்தலாகாது; வளிமண்டலத்தைப்போல் ஆயிரம் மடங்கிற்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீசல், தோலைத் துளைத்து உடலுட் செல்லும்.

கடுங்குளிரில் இவ்விரு குறைகளும் ஒருங்கே தோன்றும். பாட்டரி வலுக் குன்றும், மசகெண்ணெய் கெட்டிப்படும், டீசலிலுள்ள மெழுகு பிரிந்து வடிகட்டியை அடைக்கும். லடாக்கின் குளிர்காலத்திற்கென, பூஜ்யத்திற்குக் கீழ் 33 பாகை செண்டிகிரேட் வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-இல் அறிமுகப்படுத்தியதற்கு இதுவே காரணம். உறைந்த டீசலை இளக்கத் தொட்டியின் கீழ்த் தீ மூட்டுதல் பேராபத்து. பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுமாதலால், அதனருகே தீக்குச்சி கிழித்தலும் ஆகாது.

ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் இயக்காமல், இடையில் ஒரு நிமிடமேனும் ஓய்வு கொடுத்தல் வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு மாற்றமே செய்து பலனைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தபின் எஞ்சின் ஓடினால், எது குறையாயிருந்தது என்பது தெரியாமலே போகும். மறுநாட் காலையிலும் அதே தொல்லை நேரலாம். ஓம் விதியைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு, அவ்விதி ஏட்டளவில் நிற்பதன்று எனக் காட்ட இதனினும் எளிய சான்று தேவையில்லை.