உள்ளே ஒருவர், வெளியே குடும்பம்

விமான நிலைய லவுஞ்சில் ‘விருந்தாளி’ யார் என்பதைத் தீர்மானிப்பது உறவு அல்ல, கார்டு. திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்குப் புறப்படும் குடும்பங்களுக்கு இது கசப்பான பாடம்.

கணவர் உள்ளே போகலாம். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வெளியே நாற்காலியில் காத்திருக்கவேண்டும். இல்லையென்றால் தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டவேண்டும். லவுஞ்ச் வாசலில் இருக்கும் வரவேற்பாளர் போர்டிங் பாஸ்களைப் பார்த்துவிட்டு இதைத்தான் சொல்வார். அவர்மீது கோபப்பட்டுப் பயனில்லை. அவருக்கு எதிரே இருக்கும் இயந்திரத்துக்கு ஒரு கார்டு என்றால் ஒரு தலை. மனைவி, மகள், வயதான தாய் எல்லோருக்கும் அதன் அகராதியில் ஒரே பெயர்: விருந்தாளி.

இந்தக் கணக்கு திருவனந்தபுரத்தில் கூடுதலாக உறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1991 ஜனவரி 1-ஆம் தேதி சர்வதேச நிலையமாக அறிவிக்கப்பட்ட இந்த விமான நிலையம் தென்கேரளத்துக்கு மட்டும் சொந்தமல்ல. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தவர்களுக்கும் இதுதான் அருகிலுள்ள ஏர்போர்ட். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திரு-கொச்சி ஆட்சிகளின்கீழ் இருந்த பகுதி அது. எல்லை மாறிய பிறகும் வளைகுடாவுக்குப் போகிறவர்களின் வழி மாறவில்லை. சாலை நெரிசலுக்கு ஒரு கணக்கு, சர்வதேசப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரவேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு என்று பார்த்து வீட்டைவிட்டுக் கிளம்பும் குடும்பம், விமானம் ஏறும்முன்பே பாதி நாளைச் செலவழித்துவிடுகிறது. உட்கார ஓர் இடமும் சாப்பிட ஏதாவதும் அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல, தேவை.

பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போவதற்காக, ஆண்டுக்கு இரண்டு முறை ஓடுபாதையையே மூடி வழிவிடும் விமான நிலையம் இது. லவுஞ்சின் கண்ணாடிக் கதவு அவ்வளவு சுலபத்தில் வழிவிடுவதில்லை.

அந்தக் கதவைத் திறக்க மூன்று சாவிகள் உண்டு. முதலாவது, பிசினஸ் வகுப்பு டிக்கெட். இரண்டாவது, விமான நிறுவனம் தன் அடிக்கடிப் பயணிகளுக்குத் தரும் உயர்நிலை உறுப்பினர் அட்டை. மூன்றாவது, வங்கியின் கிரெடிட் அல்லது டெபிட் கார்டு. மூன்றிலும் விருந்தாளிக்கான விதி வெவ்வேறு. பயணியின் எரிச்சல் தொடங்குவது இங்கேதான்.

ஏர் இந்தியா 2014 ஜூலையில் சேர்ந்த ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியை எடுத்துக்கொள்ளலாம். அதன் கோல்ட் உறுப்பினர் தன்னுடன் ஒரு விருந்தாளியை அழைத்துச் செல்லலாம். ஆனால் அந்த விருந்தாளியும் அதே நிலையத்திலிருந்து கூட்டணி விமானம் ஒன்றில் புறப்படுகிறவராக இருக்கவேண்டும். ஒருவர் என்றால் ஒருவர்தான். மனைவியை அழைத்துக்கொண்டால் பிள்ளை வெளியே.

திருவனந்தபுரத்தில் இதற்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 2005 ஏப்ரல் 29-ஆம் தேதி ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் தன் முதல் விமானத்தை இந்த ஊரிலிருந்துதான் அபுதாபிக்கு அனுப்பியது. வளைகுடாத் தொழிலாளர்களின் விமானம் என்றே பெயர் பெற்ற நிறுவனம் அது. தாய் நிறுவனம் ஸ்டார் அலையன்ஸில் இருந்தாலும் எக்ஸ்பிரஸ் அதன் உறுப்பினர் அல்ல. எனவே எக்ஸ்பிரஸில் பறக்கிறவர் கையில் கூட்டணியின் கோல்ட் அட்டை இருந்தாலும், அது தரும் லவுஞ்ச் உரிமை அந்தப் பயணத்துக்கு எழுவதில்லை. விமானத்தின் வாலில் இருக்கும் பெயரை வைத்து உரிமையை ஊகிக்கிறவர் ஏமாந்துபோவார்.

பெரும்பாலானவர்கள் நம்பி வருவது மூன்றாவது சாவியை. வங்கி கார்டைத் தேய்த்தால் சிறு தொகை மட்டும் பிடித்துக்கொண்டு உள்ளே விடுவார்கள் என்ற பழக்கம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது. இது இலவசம் அல்ல. ஒவ்வொரு நுழைவுக்கும் வங்கியோ கார்டு நிறுவனமோ பணம் தருகிறது. விருந்தாளி என்றால் இரண்டாவது பில். அதனால்தான் பல கார்டுகளில் உடையவருக்கு மட்டும் அனுமதி. கூட வருகிறவருக்குக் கட்டணம். சில வங்கிகள் தரும் பிரயாரிட்டி பாஸ் வெளிநாட்டு லவுஞ்சுகளில் மட்டுமே இலவசம். அதை இந்தியாவில் நீட்டினால் அப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. டாலர் கணக்கில் தொகை அடுத்த மாத பில்லில் வந்து நிற்கும்.

கூட்டம் பெருகியதும் வங்கிகள் கயிற்றை இறுக்கின. எச்.டி.எஃப்.சி. வங்கி 2023 டிசம்பரிலிருந்து தன் ரெகாலியா கார்டுக்கு, காலாண்டில் ஒரு லட்சம் ரூபாய் செலவழித்தால்தான் உள்நாட்டு லவுஞ்ச் என்றது. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி 2024 ஏப்ரலிலிருந்து பல கார்டுகளுக்கு, முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவு என்று நிபந்தனை வைத்தது. போன வருடம் திறந்த கதவு இந்த வருடம் ஏன் திறக்கவில்லை என்று வாசலில் நின்று யோசிக்கிறவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியை அவர்கள் படித்திருக்கமாட்டார்கள்.

வங்கிக்கும் லவுஞ்சுக்கும் நடுவில் இன்னொரு ஆள் உண்டு. 2013-இல் தொடங்கப்பட்ட டிரீம்ஃபோக்ஸ் நிறுவனம் இந்த இடைத்தரகில் நாட்டிலேயே பெரியதாக வளர்ந்து, 2022-இல் பங்குச் சந்தைக்கும் வந்தது. லவுஞ்ச் நடத்துகிறவர்கள் வங்கிகளோடு நேரடியாகப் பேசத் தொடங்கியதும் ஆட்டம் கண்டது. 2025 செப்டம்பர் 16 முதல் உள்நாட்டு லவுஞ்ச் சேவையை நிறுத்துவதாக அறிவித்தது. அட்டையை வைத்திருப்பவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவர் பெயரில் எங்கோ போடப்பட்ட ஒப்பந்தம் எங்கோ முறிகிறது. அதன் பலன் மட்டும் அவர் வாசலுக்கு வருகிறது.

லவுஞ்ச் தோன்றிய கதையே இதை விளக்கும். 1939-இல் நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திறந்த அட்மிரல்ஸ் கிளப்தான் உலகின் முதல் விமான லவுஞ்ச். நிறுவனம் அழைத்தவர்கள் மட்டுமே உள்ளே போகலாம். யாரை வெளியே நிறுத்துகிறோம் என்பதில்தான் அதன் மதிப்பு இருந்தது. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே பொருளை இந்திய வங்கிகள் லட்சக்கணக்கான பேருக்கு விற்றன. எல்லோருக்கும் விற்ற பிறகு, யாரை வெளியே நிறுத்துவது என்று இப்போது விதி எழுதுகிறார்கள். முதலில் வெளியேறுகிறவர் விருந்தாளி.

ஆனால் லவுஞ்ச் சலுகை. அதற்கு அப்பால் உரிமை என்று ஒன்றும் இருக்கிறது. அதைப் பலர் அறிவதில்லை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி 2010-லிருந்து நடைமுறையில் உள்ளது. விமானம் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தாமதமானால், நேரத்தோடு வந்து காத்திருக்கும் பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் தரவேண்டியது விமான நிறுவனத்தின் கடமை. குறுகிய தூரப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம், அதற்கு மேல் பயணத்தின் நீளத்தைப் பொறுத்து மூன்று அல்லது நான்கு மணி நேரம். இதற்குக் கார்டு வேண்டாம். விருந்தாளி என்ற பேச்சும் இல்லை. டிக்கெட் வைத்திருக்கும் குழந்தைக்கும் இது பொருந்தும்.

பயணிகள் செலுத்தும் கட்டணத்திலும் கார்டு பேதம் கிடையாது. 2021 அக்டோபரில் அதானி குழுமத்தின் கைக்குப் போன இந்த நிலையத்தில், உள்நாட்டுப் பயணி புறப்படும்போது செலுத்தும் பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம் 2024 ஜூலை 1-இல் 506 ரூபாயிலிருந்து 770 ரூபாயாக உயர்ந்தது. வெளிநாடு செல்கிறவருக்கு அப்போது 1,540 ரூபாய் ஆனது. லவுஞ்சுக்குள் சோபாவில் சாய்ந்திருப்பவரும் வெளியே இரும்பு நாற்காலியில் இருப்பவரும் கொடுப்பது ஒரே தொகை.

பயணிகள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. விருந்தாளிக்கு அனுமதி இருக்கிறதா, எந்த வயதுக் குழந்தைக்குக் கட்டணம் இல்லை, இந்தக் காலாண்டில் தகுதி மிச்சம் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் புறப்படுவதற்கு முந்தைய நாளே வங்கியின் செயலியில் பார்த்துவிடவேண்டும். வாசலில் தகராறு வந்தால், மறுத்த காரணத்தை எழுத்தில் அல்லது ரசீதில் வாங்கிக்கொள்வது நல்லது. வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விமான நிறுவனத்தின் மீதான புகாருக்கு மத்திய அரசின் ஏர்சேவா இருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

உண்மையான தீர்வு லவுஞ்சுக்கு வெளியே இருக்கிறது. கொல்கத்தா விமான நிலையத்தில் 2024 டிசம்பரிலும் சென்னையில் 2025 பிப்ரவரியிலும் திறக்கப்பட்ட உடான் யாத்ரி கஃபேயில் தேநீர் பத்து ரூபாய், தண்ணீர் பத்து ரூபாய், சமோசா இருபது ரூபாய் என்று விலை வைத்தார்கள். அங்கே யாரும் யாருடைய விருந்தாளி என்று கேட்பதில்லை. நாகர்கோவிலிலிருந்து வந்து, மகனோடு முதல்முறையாக விமானம் ஏறக் காத்திருக்கும் தாய்க்கு வேண்டியதும் அவ்வளவுதான்: முதுகு சாய ஒரு நாற்காலி, கட்டுபடியாகும் விலையில் ஒரு டீ, பக்கத்தில் மகன்.