துருசுக்கு அருகே ஒரு வயல்

தண்ணீரூற்றிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கட கிணத்தடி இலுப்பையில வௌவால் கூட்டம் தொங்குது. மருந்துக்கு அடங்காத கிருமியை அதுகள் காவித் திரியுதாம் எண்டு போனில பார்த்தம். மரத்தைத் தறிச்சு விடட்டோ?"

தறிக்க வேண்டாம். போனில் வந்தது முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. அவுஸ்திரேலியாவின் சாம்பல்தலைப் பழந்தின்னி வௌவால்களின் எச்சத்தை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வெளியானது. நம்மூர்ப் பெரிய வௌவாலும் அதுவும் ஒரே பேரினம். எச்சத்தில் கிடைத்தது, பற்றீரியாவில் மருந்தெதிர்ப்பைச் சுமக்கும் 'இன்ரெக்ரோன்' என்னும் மரபணுத் துண்டு. காட்டில் திரிந்தவற்றில் அது கொஞ்சம்தான். மனிதர் பிடித்து வைத்துப் பராமரித்தவற்றில் பல மடங்கு. யார் யாருக்குத் தொற்றவைத்தார்கள் என்பது இதிலேயே தெரிகிறது. தலைப்புப் போடுபவர்களுக்கு மட்டும் வௌவால்தான் எப்போதும் குற்றவாளி.

என்னை மயக்கியது அந்த இன்ரெக்ரோன்தான். அவுஸ்திரேலியாவின் ஸ்ரோக்ஸ், ஹோல் இருவரும் 1989இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். தண்ணிமுறிப்புக் குளத்து வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் ஒரேயொரு துருசு. வாய்க்கால் நெடுக வயல்கள். துருசுக்குப் பக்கத்து வயலுக்கு வயிறு நிறையத் தண்ணீர்; கடைசி வயலுக்கு ஈரம் பட்டால் பெரிய காரியம். இன்ரெக்ரோனிலும் ஒவ்வொரு மருந்தையும் எதிர்க்கும் மரபணுக்கள் இப்படித்தான் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவற்றுக்குச் சொந்தத் துருசு, அதாவது மரபணுவை இயக்கிவிடும் பகுதி, கிடையாது. முன்னால் நிற்பது பலமாக வேலை செய்யும், பின்னால் நிற்பது தூங்கும். தூங்குகிற மரபணுவால் பற்றீரியாவுக்குச் சுமையும் குறைவு.

வேடிக்கை இனிமேல்தான். இந்த வாய்க்காலுக்கு ஒரு நொதியம் உண்டு. கடைசி வயலை வரம்போடு வெட்டித் தூக்கி வந்து துருசடியில் வைக்க அதனால் முடியும். வெளியிலிருந்து வரும் புதிய வயலையும் பெரும்பாலும் அங்கேதான் செருகும். நம் குளத்தில் இப்படியொரு வசதி வந்தால் சிறுபோகக் கூட்டத்தில் சண்டை ஓய்ந்துவிடுமா, வெட்டுக்குத்தில் முடியுமா என்று எனக்குத் தெரியாது. பற்றீரியா எந்த நேரமும் வயல் மாற்றிக்கொண்டிருப்பதில்லை. சில அன்ரிபயோட்டிக்குகள் பட்டு அதன் டிஎன்ஏ சேதப்படும்போது ஓர் அபாயக்குரல் எழும்; அதுவே அந்த நொதியத்தையும் எழுப்பிவிடும் என்று 2009இல் தெரியவந்தது. அதாவது, கொல்ல வந்த மருந்தே வயலை மாற்றச் சொல்லிக் கொடுக்கிறது. முழு வாய்க்காலும் பிளாஸ்மிட் என்னும் கைமாறக்கூடிய டிஎன்ஏ வளையத்தில் ஏறிவிட்டால், வேலிப் பொட்டுக்குள்ளால் கறிச்சட்டி கைமாறுவதுபோல வேறு இனப் பற்றீரியாவுக்கும் போய்விடும். கறி கொடுத்தவருக்குச் சட்டி காலியாகும். இங்கே அதுவும் இல்லை. கொடுத்தவரிடமும் ஒரு பிரதி மிஞ்சும்.

வரலாறும் வேண்டுமென்றால் சுருக்கமாக: பெனிசிலினைக் குறைவாகப் பாவித்தால் கிருமி எதிர்க்கப் பழகிவிடும் என்று அதைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945இலேயே நோபல் உரையில் எச்சரித்தார். ஆனால் எதிர்ப்பு நமக்கும் மூத்தது. நாற்பது இலட்சம் ஆண்டுகள் மூடிக்கிடந்த அமெரிக்கக் குகையொன்றின் பற்றீரியாக்களில் அது இருந்ததாக 2012இல் கண்டார்கள். முள்ளெலியின் தோலில் வாழும் பூஞ்சை பெனிசிலின் வகை மருந்தைச் சுரப்பதால், அன்ரிபயோட்டிக் மருந்தாகப் பாவனைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அதன் தோலில் எதிர்ப்புப் பற்றீரியா வளர்ந்திருந்ததாக 2022இல் ஓர் ஆய்வு சொன்னது. இயற்கையில் மூலையோரம் கிடந்த வயல்களைத் துருசடிக்கு அழைத்து வந்தது நாம். வைத்தியசாலைக் கழிவுநீரும், கோழிப்பண்ணை எருவும், அரைகுறையாக விழுங்கிய குளிசைகளும் அந்த வேலையைச் செய்தன. அந்த அழுக்குக் கலந்த தண்ணீரைக் குடிக்கும் வௌவாலுக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது.

ஆகவே கிணற்றுக்கு மூடி போடுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். வௌவால் கடித்த பழத்தைப் பிள்ளைகள் எடுக்கவிடாதீர்கள். வௌவாலை வெறுங்கையால் தொடவும் வேண்டாம். தடிமனுக்குப் பாமசியில் அன்ரிபயோட்டிக் கேட்டு நிற்காதீர்கள். தடிமன் வைரஸால் வருவது, அந்தக் குளிசை அதை ஒன்றும் செய்யாது. இலுப்பையை விட்டுவிடுங்கள். அதன் விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் போடுவது வௌவால்தான்.