உங்களுக்குத் தெரியுமா? வயல் துவக்கும் போட்டித் துவக்கும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம், பயிரைக் காக்கச் சில விவசாயிகள் அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருப்பது 12 போர் துவக்கு. ஓடியோடிச் சுடும் ‘பிராக்டிகல் ஷூட்டிங்’ போட்டிக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனால்? இரண்டு வெடி தீர்ந்து, குழலை மடித்து மறுபடி தோட்டா போடுவதற்குள் மற்றவர் சுட்டு முடித்திருப்பார்.

இந்த விளையாட்டின் சர்வதேச அமைப்பு 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உருவானது. அதன் விதியில் சுவையான கணக்கொன்று உண்டு. சன்னத்தின் எடையை கிரெயினிலும் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்றும் அளந்து, இரண்டையும் பெருக்கி, ஆயிரத்தால் வகுப்பார்கள். கைத்துவக்குக்கு விடை 125க்குக் குறையக்கூடாது. 124 கிரெயின் சன்னம் 1,010 அடி வேகத்தில் போனால் 125.24. மயிரிழையில் தேறும்!

புதியவர் முதலில் பார்க்க வேண்டியது உறையும் இடுப்புவாரும்தான். உறை விசையை முழுதாக மூட வேண்டும், வார் அசையக்கூடாது. கண்ணாடி, காதடைப்பு இல்லாமல் களத்துக்குள் கால் வைக்கவே கூடாது. விலை கூடிய துவக்கைப் பிறகு பார்க்கலாம். வாவிக்கரை உப்புக்காற்றில் எந்தத் துவக்குக்கும் எண்ணெய்த் துணி அவசியம்.

ஆனால் ஒன்று: 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி, இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம்.