கை நடுங்கினாலும் கோடு நடுங்காது!

பழைய தரை மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால், முதல் பலி கதவுதான். தரை அரை அங்குலம் ஏறிவிடும். கதவு பாதியில் நின்று முறைக்கும். 'அடியை அறுக்கணும் சார்' என்பார் ஆசாரி.

அதற்கென்றே பிறந்தது மாதிரி ஒரு மெஷின்: ட்ராக் ஸா. அலுமினியத் தண்டவாளம், அதன்மேல் வழுக்கி ஓடும் சின்ன வட்ட ரம்பம். தண்டவாள ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை. முதல் ஓட்டத்திலேயே பிளேடு அதைத் தன் அளவுக்கு நறுக்கிக்கொள்ளும். அப்புறம் அந்த ஓரத்தைப் பென்சில் கோட்டில் வைத்தால் போச்சு. மைக்காகூட அவ்வளவாகப் பிசிறாது. எட்டுக்கு நாலு ப்ளைவுட்டா? ஹாலில் தெர்மோகோல் விரித்து, அதன்மேல் போட்டே அறுக்கலாம். பலகைக் கனத்தைவிட 3 மி.மீ. ஆழம் கூட வைத்தால் போதும்.

'காம்பாக்ட்' என்றதும் மயங்காதீர்கள். பிளேடு சின்னது, தண்டவாளம் வேறு சில மி.மீ. ஆழத்தைத் தின்றுவிடும். 18 மி.மீ. ப்ளைவுட்டில் சிங்கம், 35 மி.மீ. கதவில் பூனை! வாங்கும்முன், தண்டவாளத்தோடு எத்தனை ஆழம் என்று கேளுங்கள்.

பிளேடு மரத்தில் இறுகினால் மெஷின் பின்னால் எகிறும். நேர் பின்னால் நிற்கவே கூடாது. பிளேடு மாற்றும்போது ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பேட்டரி என்றால் அதைக் கழற்றுங்கள்.

நான் பி.காம். ஆச்சே, கணக்குப் பார்க்காமல் விடுவேனா? ஒரே ஒரு கதவு என்றால், ஆசாரிக்குக் கூலி கொடுப்பதுதான் லாபம். காபியும் கொடுத்தால், பரண் கதவையும் பார்த்துவிட்டுப் போவார்.