கியரில்லா வண்டியும் ஏற்காட்டு மலைப்பாதையும்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் முதன்மைச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த ஏற்றத்தில் கியரில்லா ஸ்கூட்டரின் சுமையைத் தாங்குவது ஒரு ரப்பர் பெல்ட். இருவர் அருகருகே அமர்ந்து காட்டுத்தடத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டிகள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான், அளவு மட்டும் பெரிது. இந்தியாவில் 1984-இல் வந்த கைனெடிக் ஹோண்டா ஸ்கூட்டர் இந்தப் பெல்ட் ஏற்பாட்டைப் பரவலாக அறிமுகப்படுத்தியது.

இரண்டு புல்லிகளுக்கு நடுவே பெல்ட் ஓடுகிறது. வேகம் கூடும்போது முன் புல்லியிலுள்ள ரோலர்கள் வெளிப்புறமாக விலகி, புல்லியின் இரு தட்டுகளையும் நெருக்கும். பெல்ட் மேலேறி கியர் விகிதம் மாறும். ரோலரின் எடையைக் குறைத்தால் எஞ்சின் கூடுதல் சுழற்சியில் இழுக்கும். ஏற்றத்துக்கு அது நல்லது. ஆனால் சமவெளியில் இரைச்சலும் பெட்ரோல் செலவும் கூடும். பின் புல்லியின் ஸ்பிரிங் கடினமாக இருந்தால் பெல்ட்டின் பிடி உறுதிப்படும். அளவு மிஞ்சினால் பெல்ட் சூடாகித் தேயும். சேலத்து வெயிலில் தினமும் ஓடும் வண்டிக்கு ரோலரிலும் ஸ்பிரிங்கிலும் கம்பெனி அளவே போதும்.

பெல்ட் வாங்கும்போது நீளம், அகலம், பக்கச் சரிவு மூன்றும் அந்த மாடலுக்குரியதாக இருக்க வேண்டும். உள்ளே அராமிட் இழை உள்ளவை சூட்டை நன்கு தாங்கும். தேய்ந்து அகலம் குறைந்ததையும், பக்கங்கள் பளபளப்பாகிவிட்டதையும் மாற்றிவிடுவதே சரி.

இறக்கத்தில் வேகம் மிகவும் குறைந்தால் ஸ்கூட்டரின் கிளட்ச் விடுபட்டு, எஞ்சினின் தடை கிடைக்காமல் போகும். சுமை முழுவதும் பிரேக்கின் மீதே விழும்.