ஒரே இயந்திரம் நின்றபோது

ஒரு தறி பழுதுபட்டு நின்றால் ஒரு குடும்பத்தின் வருமானம் தடைப்படுகிறது. கிணற்று மோட்டார் நின்றால் ஒரு வயல் வாடுகிறது. இவற்றை நம் அங்கத்தினர்கள் அநுபவத்தில் அறிவார்கள். ஆனால் ஒரு நாடு முழுவதற்கும் இருந்த ஒரே சிகிச்சை இயந்திரம் நின்றுவிட்டால் என்ன நேரும்? கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா நாட்டில் 2016ஆம் ஆண்டில் அதுவே நேர்ந்தது.

அந்நாட்டின் தலைநகரான கம்பாலாவில் முலாகோ என்னும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. புற்றுநோயாளிகளுக்குக் கதிர் சிகிச்சை அளிக்கும் கோபால்ட் இயந்திரம் ஒன்று 1995ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்கி வந்தது. அண்டை நாடுகளிலிருந்தும் நோயாளிகள் அதை நாடி வந்தனர். இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த அவ்வியந்திரம் 2016ஆம் ஆண்டின் முற்பகுதியில் செப்பனிட இயலாதவாறு பழுதுற்றது. கென்யாவின் தலைநகரான நைரோபியிலுள்ள ஆஸ்பத்திரி ஒன்று 400 பேருக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்க முன்வந்தது. நைரோபியோ சாலை வழியில் 600 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. நோயின் வேதனையோடு அந்நிய நாட்டுக்குச் சென்று வாரக்கணக்கில் தங்குதல் ஏழைக் குடியானவப் பெண்ணுக்கு எளிதாகுமா? சர்வதேச அணுசக்தி முகமையின் உதவியுடன் முலாகோவில் நிறுவப்பட்ட புதிய கோபால்ட் இயந்திரம் 2018ஆம் ஆண்டு ஜனவரியில்தான் முறைப்படித் தொடங்கி வைக்கப்பட்டது.

இந்தச் சிகிச்சை எத்துணை இன்றியமையாதது என்பதை முதலில் உணர வேண்டும். புற்றுநோய் கண்ட பத்துப் பேரில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு நோயின் ஏதேனும் ஒரு கட்டத்தில் கதிர் சிகிச்சை தேவைப்படுகிறது. கருப்பை வாயில் தோன்றும் புற்று சற்று முற்றிய நிலையிலும், மருந்துடன் கூடிய கதிர் சிகிச்சையால் குணமடையக் கூடும். உகாண்டாவின் பெண்களை மிகுதியாகத் தாக்குவது இந்தப் புற்றுதான். குணமாக்க இயலாத நிலையிலும், எலும்பில் பரவிய புற்றின் கொடிய வலியைத் தணிக்கப் பல நேரங்களில் ஒரே ஒரு முறை கதிர் செலுத்துவது போதுமானதாகிறது.

இத்தகைய சிகிச்சை உலகில் எவ்வாறு பங்கிடப்பட்டிருக்கிறது? செல்வ நாடுகளில் ஏறத்தாழ 1,20,000 மக்களுக்கு ஓர் இயந்திரம் என்ற கணக்கில் உள்ளது. மிக வறிய நாடுகளிலோ ஏறத்தாழ 50 லட்சம் மக்களுக்கு ஒன்றுதான். 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் சர்வதேச அணுசக்தி முகமை ‘நம்பிக்கைக் கதிர்கள்’ என்னும் பொருள்படும் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆப்பிரிக்காவில் 20க்கும் மேற்பட்ட நாடுகளில் கதிர் சிகிச்சை வசதியே இல்லாதிருந்தது.

அப்படியாயின் இயந்திரங்களை வாங்கி அனுப்பிவிட்டால் குறை தீர்ந்துவிடுமா? தறியைக் கொடுத்த மாத்திரத்தில் துணி வந்துவிடுவதில்லை. நூல் வேண்டும், நெய்யக் கற்றவர் வேண்டும், பழுது நேர்ந்தால் சீர்செய்ய ஆள் வேண்டும். கதிர் இயந்திரமும் அவ்வாறே. கதிர்கள் வெளியே கசியாதிருக்க, ஒரு மீட்டருக்கும் அதிகமான கனமுள்ள கான்கிரீட் சுவர்களைக் கொண்ட தனி அறையில் அதை வைக்க வேண்டும். அறை ஆயத்தமாகாவிட்டால், வாங்கிய இயந்திரம் பெட்டியிலேயே கிடக்கும். கதிரின் அளவைக் கணக்கிடப் பௌதிக நிபுணரும், தேர்ந்த டாக்டரும், இயந்திரத்தை இயக்கும் பயிற்சி பெற்றவரும் இன்றியமையாதவர்கள்.

மற்றொன்றையும் கருத வேண்டும். கோபால்ட்டின் கதிர் வன்மை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். ஐந்தேகால் ஆண்டுகளில் பாதியாகிவிடும். அப்போது முன்பு மூன்று நிமிஷத்தில் கொடுத்த கதிரைக் கொடுக்க ஆறு நிமிஷம் ஆகும். நோயாளிகளின் வரிசை நீளும். ஆகவே காலந்தவறாமல் புதிய கோபால்ட்டை இட்டாக வேண்டும். லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்னும் நவீன இயந்திரத்தில் கோபால்ட் இல்லை. மின்விசையைக் கொண்டே கதிரை உண்டாக்குகிறது. அது நுட்பமாகச் சிகிச்சை செய்ய வல்லது. எனினும் ஒரே சீரான மின்சாரமும், குளிர்விக்கும் சாதனங்களும், உடனுக்குடன் பழுது பார்க்கும் பொறியியலாரும் அதற்கு வேண்டும். மின்தடை மிகுந்த ஊர்களில் கோபால்ட் இயந்திரம் இன்றும் பயன்படுவதற்குக் காரணம் இதுவே.

நம் நாட்டின் வரலாறு இதில் ஊக்கமளிப்பதாகும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் விடாமுயற்சியால் 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தோன்றியது. கோபால்ட் சிகிச்சை கானடாவில் 1951ஆம் ஆண்டில் தொடங்கியது. அந்நாட்டின் கொடையாக ஒரு கோபால்ட் இயந்திரம் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே அடையாற்றுக்கு வந்து சேர்ந்தது. கொடையாக வந்ததைப் பேணிக் காத்து, ஆட்களைப் பயிற்றி வளர்த்தமையால் அந்நிலையம் நிலைத்தது. அன்று கொடை பெற்ற நாடு பின்னர் தானே இயந்திரம் செய்யக் கற்றது. பாபா அணு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ‘பாபாட்ரான்’ என்னும் கோபால்ட் இயந்திரம் 2005ஆம் ஆண்டில் நவி மும்பையில் நிறுவப்பெற்றது. வியத்நாம் நாட்டுக்கும் அத்தகைய இயந்திரம் ஒன்றை இந்தியா நன்கொடையாக வழங்கியது.

இருக்கும் இயந்திரத்தைக் கொண்டே அதிகம் பேருக்குச் சிகிச்சை அளிக்கவும் வழி பிறந்துள்ளது. மார்பகப் புற்றுக்கு அறுவைக்குப் பின் ஐந்து வாரங்களில் 25 முறை கதிர் கொடுப்பது நெடுநாளைய வழக்கம். மூன்று வாரங்களில் 15 முறை கொடுத்தாலே போதும் என்று ஆராய்ச்சிகள் நிலைநாட்டின. 2020ஆம் ஆண்டில் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சி ஒன்று, தகுதியுடைய நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில் 5 முறை கொடுத்தாலும் பலன் குறைவதில்லை என்று காட்டியது. தொலைவிலிருந்து வரும் கூலியாளுக்கு இதனால் எத்தனை நாள் கூலியும், தங்கும் செலவும் மிச்சமாகின்றன என்று எண்ணிப் பாருங்கள். செலவுக்கு அஞ்சிச் சிகிச்சையைப் பாதியில் விடுவோரும் குறைவார்கள்; பாதியில் விட்டால் நோய் மீண்டும் தலைதூக்கக் கூடும்.

உகாண்டா தன் பாடத்தைக் கற்றுக்கொண்டது. புதிய கோபால்ட் இயந்திரத்தோடு நில்லாமல், பின்னர் லீனியர் ஆக்ஸிலரேட்டர்களையும் சேர்த்துக்கொண்டது. ஒன்று நின்றால் மற்றொன்று கைகொடுக்கும் என்ற நிலை ஏற்பட்டது.

நம் சங்கங்களின் கணக்கில் தேய்மான நிதி என்று ஓர் இனம் உண்டு. இயந்திரம் நன்றாக ஓடும்போதே அது ஓய்ந்துபோகும் நாளுக்காகப் பணம் ஒதுக்குவது நல்ல நிர்வாகத்தின் அடையாளம். கதிர் சிகிச்சை வேண்டி நிற்கும் எளிய நாடுகளுக்கும், அவற்றுக்கு உதவ முன்வரும் செல்வ நாடுகளுக்கும் இவ்விதியே பொருந்தும். திறப்பு விழாவுக்கு ஆகும் பணத்தோடு, பத்தாம் ஆண்டில் மாற்ற வேண்டிய பாகத்துக்கும், பயிற்சி பெற்றவரின் சம்பளத்துக்கும், நோயாளி தங்கும் விடுதிக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். அங்ஙனம் செய்தால்தான், குணமாகக் கூடிய நோயாளி இயந்திரம் நின்றுபோன காரணத்தால் உயிரிழக்கும் அவலம் நீங்கும்.